காந்தப்புலக் கணக்கில் விடை தப்பினால்: அறிகுறி பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

தண்டையார்பேட்டையில் மாலை நேர டியூஷன் எடுக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகள், எலக்ட்ரிக்கல் டிப்ளமோ பிள்ளைகள், அவ்வப்போது பொறியியல் முதலாண்டுப் பிள்ளைகள் என்று கலந்து வருவார்கள். மின்னோட்டத்தின் காந்த விளைவு பாடம் ஆரம்பித்தால் போதும், "சார், ஃபார்முலா கரெக்ட்டு, ஆன்சர்தான் வரல" என்று நோட்டை நீட்டுவார்கள். வருஷா வருஷம் முகங்கள் மாறும், பிழைகள் மாறாது. அந்தப் பிழைகளைத் தேடும் வரிசை இது. பயட்-சாவர்ட் விதி, ஆம்பியரின் சுற்றுவிதி எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. இங்கே அவற்றை விளக்கப் போவதில்லை.

விடை தப்பினால் கணக்கை முதலிலிருந்து மறுபடி போடாதீர்கள். அதே கை அதே இடத்தில் மறுபடியும் சறுக்கும். உங்கள் விடையையும் புத்தக விடையையும் எடுத்து, பெரியதைச் சிறியதால் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதம் பெரும்பாலும் பிழை எங்கே என்று சொல்லிவிடும். 3.14 என்று வந்தால் ஒரு இடம், 100 என்று வந்தால் வேறு இடம், 57.3 என்று வந்தால் இன்னொரு இடம்.

புத்தக விடை இல்லாத கணக்கு என்றால் சில அளவுகளை மனதில் வைத்துக்கொண்டு ஒப்பிடலாம். 10 ஆம்பியர் ஓடும் நீளமான நேர்க்கம்பியிலிருந்து 1 செ.மீ. தள்ளி காந்தப்புலம் 2 × 10⁻⁴ டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). மீட்டருக்கு 1000 சுற்று உள்ள வரிச்சுருளில் (சாலினாய்டு) 1 ஆம்பியர் ஓடினால் உள்ளே சுமார் 1.26 × 10⁻³ டெஸ்லா. சென்னையில் பூமிக் காந்தப்புலத்தின் கிடைமட்டக் கூறு ஏறக்குறைய 4 × 10⁻⁵ டெஸ்லா. ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் 1.5 அல்லது 3 டெஸ்லா. மிக்சி ஒயருக்குப் பக்கத்தில் 3 டெஸ்லா என்று உங்கள் நோட்டு சொன்னால், தப்பு நோட்டில்தான்.

அறிகுறி: விகிதம் 10, 100, 1000 என்று பத்தின் அடுக்காக வருகிறது

இதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

100 என்றால் சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை. நேர்க்கம்பி, வட்டச்சுருள் இரண்டிலும் தொலைவு ஒரே தடவைதான் கீழே வருகிறது, அதனால் 100. வரிச்சுருள் என்றால் "சென்டிமீட்டருக்கு 20 சுற்று" என்று கொடுத்ததை அப்படியே 20 என்று போட்டிருப்பீர்கள். அது மீட்டருக்கு 2000.

1000 என்றால் மில்லி ஆம்பியர் அல்லது மில்லிமீட்டர். பத்து லட்சம் என்றால் மைக்ரோ கூலூம். 10,000 என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். முதலில் புத்தக விடையின் அலகைப் பாருங்கள். பழைய டிப்ளமோ புத்தகங்களில் விடை காஸில் இருக்கும். 1 டெஸ்லா என்பது 10,000 காஸ், அப்படியானால் நீங்கள் போட்டது சரிதான். அலகும் டெஸ்லாதான் என்றால், தொலைவின் வர்க்கம் வரும் சூத்திரத்தில் தொலைவைச் சென்டிமீட்டரிலேயே விட்டிருக்கிறீர்கள்.

கால்குலேட்டர் வைத்துக்கொள்ளும் டிப்ளமோ பிள்ளைகளுக்கு ஒரு தனி வியாதி உண்டு. மியூநாட் (வெற்றிடத்தின் உட்புகுதிறன், 4பை × 10⁻⁷) மதிப்பை 4பை × 10 என்று அடித்துவிட்டு, அடுக்குக்குப் பதிலாகக் கழித்தல் குறி போட்டு 7 அடிப்பார்கள். திரையில் 118.66 வரும். மியூநாட் 118 என்று எங்காவது பார்த்தால் வேறெதையும் தேட வேண்டாம். அடுக்குப் பொத்தானைப் பயன்படுத்தினால் 1.2566 × 10⁻⁶ வரும்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கால்குலேட்டர் இல்லை, லாக் புத்தகம்தான். அங்கே தப்பு நடப்பது பார் போட்ட எண்ணைக் கழிக்கும்போது. பார் என்றால் லாக்கின் முழு எண் பகுதி மட்டும் கழித்தல் என்று அர்த்தம். 1 ஆம்பியர் ஓடும் ஒரு சுற்று வட்டம், ஆரம் 2.5 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். மியூநாட்டின் லாக், 6 பார் புள்ளி 0992. அதிலிருந்து இரண்டு ஆரமான 0.05-இன் லாக், 2 பார் புள்ளி 6990-ஐக் கழிக்க வேண்டும். புள்ளிக்கு அப்புறம் உள்ளதைக் கழிக்க ஒன்று கடன் வாங்குகிறோம். அப்போது 6 பார் 7 பார் ஆகிறது. 7 பாரிலிருந்து 2 பார் போனால் 5 பார். ஆக 5 பார் புள்ளி 4002, விடை 2.51 × 10⁻⁵ டெஸ்லா. கடன் வாங்கியதை மறந்தால் 4 பார் வரும், விகிதம் 10. பாரோடு பாரைக் கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 9 பார் வரும், விகிதம் 10,000. விகிதம் சரியாக 10 என்று வந்தால் பெரும்பாலும் அந்தக் கடன்தான்.

அறிகுறி: விகிதம் 2, 3.14, 12.6, 1.41, 57.3 போன்ற எண்ணாக வருகிறது

என்னிடம் வரும் நோட்டுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அடுக்கு சரியாக இருக்கும், முன்னால் உள்ள எண் மட்டும் இடிக்கும்.

3.14 வந்தால், நேர்க்கம்பிச் சூத்திரத்தை வட்டத்துக்கும் வட்டச் சூத்திரத்தை நேர்க்கம்பிக்கும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். நேர்க்கம்பிக்குக் கீழே 2 பை தொலைவு. வட்டத்தின் மையத்துக்குக் கீழே வெறும் 2 ஆரம், பை கிடையாது. வட்டம் என்றால் பை வரும் என்று கை தானாக எழுதிவிடும். மையத்துக்கான தொகையீட்டில் சுற்றளவு மேலே வந்து பையை அடித்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

12.6 வந்தால் அது 4 பை. பாதி வழியில் மியூநாட் ÷ 4பை என்பதற்கு 10⁻⁷ போட்டுவிட்டு, அப்புறம் மறுபடியும் 4 பையால் வகுத்திருப்பீர்கள், அல்லது மியூநாட் இருக்க வேண்டிய இடத்தில் 10⁻⁷ மட்டும் போட்டிருப்பீர்கள். ஒரு கணக்கில் ஒன்று மியூநாட் எழுதுங்கள், இல்லை 10⁻⁷ எழுதுங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் புழங்க விடாதீர்கள்.

2 வந்தால்தான் கொஞ்சம் தேட வேண்டும். எளிதிலிருந்து ஆரம்பியுங்கள். கேள்வியில் கொடுத்தது விட்டமா ஆரமா? அது சரியென்றால், வட்டம் முழு வட்டமா அரை வட்டமா? அதுவும் சரியென்றால், கம்பி இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போகிறதா, ஒரு முனையில் தொடங்கி ஒரு பக்கம் மட்டும் போகிறதா? ஒரு பக்கம் மட்டும் என்றால், அந்த முனைக்கு நேர் எதிரே உள்ள புள்ளியில் புலம் பாதிதான். கடைசியாக, வரிச்சுருள் கணக்கில் கேட்டது நடுவிலா முனையிலா என்று பாருங்கள். நீண்ட வரிச்சுருளின் முனையில் அச்சில் கிடைப்பதும் பாதிதான்.

1.41 வந்தால் அது ரூட் 2. சதுரச் சுற்றில் இது அடிக்கடி வரும். பக்கம் 10 செ.மீ., மின்னோட்டம் 1 ஆம்பியர் என்றால் மையத்தில் 1.13 × 10⁻⁵ டெஸ்லா. நாலு பக்கத்தையும் முடிவில்லாக் கம்பியாக நினைத்துக் கூட்டினால் 1.6 × 10⁻⁵ வரும். ஒவ்வொரு பக்கமும் மையத்திலிருந்து இரண்டு புறமும் 45 டிகிரிக்குள் நின்றுவிடுகிறது. அந்த சைன் 45 விட்டுப்போயிருக்கிறது. டிப்ளமோ பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: மாறுதிசை மின்னோட்டத்தில் ஆர்.எம்.எஸ். மதிப்பா உச்ச மதிப்பா என்று பார்க்காதது.

57.3 வந்தால் வில்லின் கோணத்தை ரேடியனாக மாற்றாமல் டிகிரியிலேயே போட்டிருக்கிறீர்கள். இதில் சந்தேகமே வேண்டாம், வேறெதுவும் 57.3 தராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. படத்தில் நேர்ப்பகுதியும் வளைவும் சேர்ந்திருந்தால் மொத்த விடையின் விகிதம் உங்களை ஏமாற்றும். கொண்டை ஊசி மாதிரி வளைத்த கம்பியை எடுத்துக்கொள்வோம். அரைவட்டத்தின் ஆரம் 5 செ.மீ., மின்னோட்டம் 2 ஆம்பியர், இரண்டு கைகளும் வெகுதூரம் போகின்றன. மையத்தில் அரைவட்டம் தருவது 1.26 × 10⁻⁵, இரண்டு கைகளும் சேர்ந்து தருவது 0.8 × 10⁻⁵, மொத்தம் 2.06 × 10⁻⁵ டெஸ்லா. கைகள் ஒவ்வொன்றையும் முழு நீளக் கம்பியாக எடுத்தால் 2.86 × 10⁻⁵ வரும். விகிதம் 1.39. ரூட் 2 போலத் தெரியும், ஆனால் அது இல்லை. நடந்தது "பாதிக் கம்பி" பிழை. அதனால் பல பகுதிகள் உள்ள படத்தில் ஒவ்வொரு பகுதியையும் தனியாகப் போட்டு, தனியாகச் சரிபாருங்கள்.

ஒரே பகுதி கொண்ட படம், விகிதமும் மேலே உள்ள எதுவும் இல்லை என்றால், அப்போது ஆசிரியரிடம் போகலாம். போகும்போது விகிதத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். "வரல சார்" என்பதைவிட "1.12 மடங்கு அதிகமா வருது சார்" என்றால் பாதி வேலை முடிந்தது. அந்த 1.12-க்கும் ஒரு கதை உண்டு. 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. விட்டம் உள்ள குட்டை வரிச்சுருளுக்கு நீண்ட வரிச்சுருளின் சூத்திரத்தைப் போட்டால் நடுவில் அவ்வளவு அதிகமாகத்தான் வரும்.

அறிகுறி: எண் சரி, திசை தலைகீழ்

முதல் காரணம் வெட்கப்படும் அளவுக்கு எளிது. வலது கையில் பேனா இருக்கும், அதைக் கீழே வைக்காமல் இடது கையை மடக்கி வலது கை பெருவிரல் விதியைப் பார்ப்பார்கள். பரிட்சை ஹாலில் இது சர்வசாதாரணம். பேனாவை வையுங்கள்.

இரண்டாவது, எலக்ட்ரான். கேள்வியில் எலக்ட்ரான் ஓடும் திசை கொடுத்திருந்தால் மின்னோட்டம் அதற்கு எதிர். மூன்றாவது, விசைக்கான ஃபிளெமிங் இடது கை விதியைப் புலத்துக்குப் போட்டது. நான்காவது, பயட்-சாவர்ட் விதியில் நிலை வெக்டரைப் புள்ளியிலிருந்து கம்பிக்கு வரைந்தது. அது கம்பியிலிருந்து புள்ளிக்குப் போக வேண்டும்.

எந்தக் காரணம் என்று தெரியவில்லையா? நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் தரும் சோதனை இது. காசிமேட்டில் வடக்கு பார்த்து நில்லுங்கள். எதிரே எண்ணூர், முதுகுப் பக்கம் பாரிமுனை, வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வியாசர்பாடி. தலைக்கு மேல் ஒரு கம்பியில் பாரிமுனையிலிருந்து எண்ணூருக்கு மின்னோட்டம் போகிறது. கம்பிக்கு அடியில், நீங்கள் நிற்கும் இடத்தில், அதன் புலம் வியாசர்பாடி பக்கம் இருக்கும். அங்கே ஒரு காந்த ஊசி இருந்தால் அதன் வடமுனை மேற்கே திரும்பும். கம்பி காலுக்கு அடியில் போனால் கடல் பக்கம். உங்கள் முறை இதே விடையைத் தந்தால் கை சரி. கேள்வியைத்தான் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

வட்டத்துக்குள் புள்ளி என்றால் தாளிலிருந்து உங்களை நோக்கி, வட்டத்துக்குள் பெருக்கல் குறி என்றால் தாளுக்குள். இதை மாற்றிப் படிப்பவர்களும் உண்டு.

அறிகுறி: சுழியம் வரக் கூடாத இடத்தில் சுழியம், அல்லது அதற்கு நேர்மாறு

சுழியம் வர வேண்டிய இடத்தில் எண் வந்தால், நேர்க்கம்பி அந்தப் புள்ளியை நோக்கியே போகிறதா என்று பாருங்கள். அந்தத் துண்டு அங்கே எதுவும் தராது. "தொலைவு தெரியல, என்ன போடுறது" என்று ஏதோ ஒரு எண்ணைப் போட்டிருப்பீர்கள். அடுத்தது, இரண்டு புலங்களைத் திசை பார்க்காமல் கூட்டியது. இணைக்கம்பிகள் இரண்டிலும் ஒரே திசையில் சம மின்னோட்டம் ஓடினால் நடுப்புள்ளியில் சுழியம். எதிரெதிர் திசையில் ஓடினால் நடுவில் இரட்டிப்பு. இதைத் தலைகீழாக மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர்.

சுழியம் வரக் கூடாத இடத்தில் சுழியம் வந்தால், பெரும்பாலும் ஆம்பியரின் சுற்றுவிதியை அது உதவாத இடத்தில் போட்டிருக்கிறீர்கள். மூடிய சுற்றுக்குள் நிகர மின்னோட்டம் சுழியம் என்றால், புலத்தைச் சுற்றி வரத் தொகையிட்டது சுழியம் என்றுதான் அர்த்தம். அந்தச் சுற்றில் எல்லா இடத்திலும் புலம் இல்லை என்று அர்த்தமில்லை. சமச்சீர் இல்லாத படத்துக்கு இந்த விதியைத் தொடாதீர்கள், பயட்-சாவர்ட் விதிக்கே போங்கள். நீளம் கொடுத்த குட்டைக் கம்பிக்கும் அப்படித்தான்.

இதே விஷயம் வீட்டில் வேறு உருவத்தில் வரும். கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டம் அளக்கும் கருவி) இரண்டு கோர் ஒயர் முழுவதையும் சுற்றி மாட்டிவிட்டு, "மீட்டர் செத்துப்போச்சு, ஜீரோ காட்டுது" என்பார்கள். மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. ஃபேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஒரு ஒயரை மட்டும் தனியாகப் பிரித்து மாட்டினால் அளவு தெரியும். இரண்டையும் சேர்த்து மாட்டியும் மீட்டர் குறிப்பிடத்தக்க அளவு காட்டினால், அது கணக்குப் பிழை இல்லை: போன மின்னோட்டம் முழுதாகத் திரும்பி வரவில்லை, எங்கோ கசிகிறது. மெயினை அணைத்துவிட்டு உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஊறிய வீடுகளில் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அறிகுறி: ஓடும் மின்துகள் கணக்கில் விடை நம்ப முடியாத அளவு

ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் சுற்றுவதால் மையத்தில் எவ்வளவு புலம் என்ற கணக்கில் 12.5 டெஸ்லா வரும். எம்.ஆர்.ஐ. எந்திரத்தைவிடப் பெரிய எண்ணைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்து அடித்துவிடுகிறார்கள். அடிக்காதீர்கள், அது சரியான விடை. வேகம் நொடிக்கு 2.19 × 10⁶ மீட்டர், ஆரம் 0.53 × 10⁻¹⁰ மீட்டர். தொலைவு அவ்வளவு சிறியது என்பதால் புலம் அவ்வளவு பெரியது.

சுழலும் மின்னூட்ட வளையத்தில் விகிதம் 60 வந்தால், நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்பதை நொடிக்கு மாற்றவில்லை. 3000 என்று கொடுத்தால் நொடிக்கு 50. விகிதம் 6.28 வந்தால் சுற்று எண்ணிக்கைக்குப் பதில் கோண வேகத்தைப் போட்டு மின்னோட்டம் கண்டிருக்கிறீர்கள்.

கம்பிக்குள் எலக்ட்ரான் ஒளி வேகத்தில் ஓடுகிறது என்று நினைத்துக் கணக்குப் போடுவதும் உண்டு. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது இழுப்பு வேகம் நொடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான்.

தனி மின்துகளுக்கு ஆம்பியரின் சுற்றுவிதியை நேராகப் போட முடியாது; அது நிலையான மின்னோட்டத்துக்கானது. துகளின் வேகம் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குவரை என்றால், பயட்-சாவர்ட் விதியிலிருந்து வரும் பள்ளிச் சூத்திரம் பக்கவாட்டில் அரை சதவீதத்துக்குள் சரியாக இருக்கும். 0.6 பங்கு ஆகிவிட்டால் உண்மையான புலம் 25 சதவீதம் கூடுதல். அந்த வேகத்தில் கணக்குக் கேட்டால் கல்லூரிப் பேராசிரியரிடம் போய்விடுவது நல்லது.

அறிகுறி: பைத்தான் நிரல் புத்தக விடையோடு ஒட்டவில்லை

பொறியியல் பிள்ளைகளுக்கு மட்டும். வட்டத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கூட்டும் நிரலை முதலில் வட்டத்தின் மையத்தில் ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் அங்கே விடை தெரியும். துண்டின் நடுப்புள்ளியை வைத்துக் கூட்டினால் 12 துண்டுக்குச் சுமார் 6 சதவீதம் அதிகமாக வரும், 36 துண்டுக்கு 0.6 சதவீதம், 100 துண்டுக்கு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. துண்டுகளை இரட்டிப்பாக்கினால் பிழை நாலில் ஒன்றாகக் குறைய வேண்டும். குறையாமல் அப்படியே நின்றால் வெட்டியதில் தப்பில்லை, சூத்திரத்தை எழுதியதில் தப்பு. தொலைவின் மும்மடிக்குப் பதில் வர்க்கம் எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

விடை முடிவிலிக்கு ஓடினால் புள்ளி கம்பியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. உண்மையான கம்பிக்குத் தடிமன் உண்டு. உள்ளே போகப் போகப் புலம் குறைந்து நடு அச்சில் சுழியமாகும், பரப்பில்தான் உச்சம்.

அறிகுறி: லேபில் டேஞ்சன்ட் கால்வனாமீட்டர் தப்பாகக் காட்டுகிறது

கணக்கு சரி, ரீடிங்தான் சரியில்லை என்று வருபவர்களுக்கு. சுருளின் புலமும் பூமிப் புலமும் சேர்ந்து நடுவில் உள்ள காந்த முள்ளை எவ்வளவு திருப்புகின்றன என்று பார்த்து மின்னோட்டம் அளக்கும் கருவி இது. 5 சுற்று, ஆரம் 8 செ.மீ., 1 ஆம்பியர் என்றால் சென்னையில் முள் கிட்டத்தட்ட 45 டிகிரி விலக வேண்டும். இதை வைத்துக்கொண்டு தேடுங்கள்.

84 டிகிரி காட்டினால் இணைப்பு 50 சுற்று முனையில் இருக்கிறது. 21 டிகிரி காட்டினால் 2 சுற்று முனையில். முனையை மாற்றினால் போதும். 30 முதல் 60 டிகிரிக்குள் விலக்கம் இருக்கும்படி மின்தடை மாற்றியைத் திருப்பி வைக்கச் சொல்வது சும்மா இல்லை. 45 டிகிரியில் ஒரு டிகிரி தப்பாகப் படித்தால் விடையில் 3.5 சதவீதம்தான் பிழை; 80 டிகிரியில் அதே ஒரு டிகிரி 10 சதவீதத்தைத் தின்றுவிடும்.

திசைமாற்றியைத் திருப்பினால் இடப்பக்க விலக்கமும் வலப்பக்க விலக்கமும் பல டிகிரி மாறுகின்றனவா? சுருளின் தளம் காந்தத் துருவத் தளத்தில் இல்லை. மின்னோட்டத்தை நிறுத்திவிட்டு மறுபடி அமையுங்கள். அமைத்தும் மாறினால் சுற்றுமுற்றும் இரும்பைத் தேடுங்கள்: மேசையின் இரும்புக் கால், பின்னால் உள்ள பீரோ, சட்டைப் பையில் உள்ள போன், மிக அருகில் வைத்த மின்தடை மாற்றி. போனின் ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது, அதைப் பைக்குள் போட்டு வாசல் பக்கம் வையுங்கள்.

ஒரு சாக்கை மட்டும் ஏற்க மாட்டேன். "சார், மேல ஹை டென்ஷன் லைன் போகுது, அதான் முள் தப்பாக் காட்டுது." எண்ணூர், மணலி பக்கப் பிள்ளைகள் இதை விடாமல் சொல்வார்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். 10 மீட்டர் உயரத்தில் ஒரு கம்பியில் 500 ஆம்பியர் என்று வைத்தால் 10⁻⁵ டெஸ்லா, பூமிப் புலத்தில் கால் பங்கு. சின்னதில்லைதான். ஆனால் அது நொடிக்கு 50 சுழற்சி, அதாவது 100 தடவை திசை மாறி மாறி வருகிறது. கனமான முள்ளால் அதைப் பின்தொடர முடியாது, சராசரி சுழியம். மூன்று ஃபேஸ் கம்பிகளும் சேர்ந்து இன்னும் பெருமளவு அடித்துக்கொள்ளும். கும்மிடிப்பூண்டி ரயில் பாதையின் மேல்கம்பியும் 50 சுழற்சிதான். ரயில் போகும்போது முள் ஆடினால் அது பெரும்பாலும் கட்டடத்தின் அதிர்வு. ரயில் போன பிறகு படியுங்கள்.

"முள்ளின் காந்தம் வீக் ஆயிடுச்சு" என்பதும் செல்லாது. இந்த முறையில் விலக்கக் கோணம் முள்ளின் காந்த வலிமையைப் பொறுத்ததல்ல. ஆனால் முள் ஊசிமுனையில் சிக்கினால் நிஜமாகவே ரீடிங் கெடும். கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டினால் முள் வேறு இடத்தில் போய் நிற்கிறதா? அப்படியானால் ஊசிமுனை தேய்ந்திருக்கிறது, லேப் உதவியாளரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்களே பிரிக்க வேண்டாம், அந்தக் கண்ணாடி சீக்கிரம் உடையும். அம்மீட்டரை இன்னொன்றோடு தொடரில் இணைத்துப் பார்த்து இரண்டும் வேறு வேறு காட்டினாலும், அதைச் சரிபார்ப்பது அவர் வேலைதான்.

அறிகுறி: மின்காந்தம் செய்தோம், கணக்கு 5 டெஸ்லா சொல்கிறது, ஆணிகூட ஒழுங்காக ஒட்டவில்லை

புராஜெக்ட் காலத்தில் வரும் வழக்கு. 500 சுற்று, 2 ஆம்பியர், இரும்பு உள்ளகத்தின் சுற்றுப்பாதை 25 செ.மீ., சார்பு உட்புகுதிறன் (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் இரும்பின் உட்புகுதிறன் எத்தனை மடங்கு என்ற எண்) 1000 என்று போட்டால் 5 டெஸ்லா வரும். இரும்பு ஏறக்குறைய 2 டெஸ்லாவிலேயே தெவிட்டிவிடும். அதற்கு மேல் வரும் எந்த விடையும் தாளோடு சரி.

அதைவிடப் பெரிய திருடன் காற்று இடைவெளி. அதே உள்ளகத்தில் வெறும் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் புலம் 0.56 டெஸ்லாவுக்கு இறங்கிவிடும். சூத்திரத்தில் கீழே இரும்பின் நீளத்தைச் சார்பு உட்புகுதிறனால் வகுத்து, அதோடு இடைவெளியை அப்படியே கூட்ட வேண்டும். 25 செ.மீ. இரும்பு அங்கே கால் மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 2 மில்லிமீட்டர் காற்று சுருங்காமல் முழுதாக நிற்கிறது. பெயின்ட், துரு, சரியாக உட்காராத தகடு எல்லாமே இடைவெளிதான்.

முதலில் தகடுகளை இழைத்து இறுக்குங்கள், செலவில்லை. அப்புறம் சுற்றுகள் எல்லாம் ஒரே திசையில் சுற்றப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். நடுவில் திசை மாறினால் பாதி பாதியை அடித்துவிடும். அதற்கும் மேல் வேண்டும் என்றால் கம்பியை மாற்றிச் சுற்ற வேண்டும், அது காசு. சுருள் கை வைக்க முடியாத அளவு சூடானால் மின்னோட்டத்தை ஏற்ற வேண்டாம், உடனே நிறுத்துங்கள்.

உள்ளகம் வளைந்து நெளிந்த வடிவம், மாறுதிசை மின்னோட்டம், அல்லது பாரம் தூக்கும் காந்தம் என்றால் தாளில் போடும் கணக்கோடு நிற்க வேண்டாம். முதல் இரண்டுக்கும் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறைக்கோ, கணினியில் காந்தப்புலப் பகுப்பாய்வு செய்யத் தெரிந்த பொறியாளரிடமோ போங்கள். ஆட்களின் தலைக்கு மேலே இரும்பைத் தூக்கும் எதையும் செய்து, பாரம் வைத்துச் சோதித்துக் கொடுப்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வேலை. போகும்போது சுற்றுகளின் எண்ணிக்கை, கம்பியின் கேஜ், உள்ளகத்தின் அளவு, தகடா கட்டி இரும்பா, இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், சப்ளை எத்தனை வோல்ட் என்று எழுதிக்கொண்டு போங்கள். இவை இல்லாமல் போனால் அவர்களும் ஊகித்துத்தான் சொல்வார்கள்.